பழைய கம்ப்யூட்டர்ல ஹெச்டி வீடியோ திக்குது: 2 ஜிபி ராம் போட்டா சரியாகுமா?

பாலாற்றங்கரை:
டிப்ஸ் பகுதியில ஒருத்தர் எழுதி வெச்சிருக்காரு: "எவ்வளவு பழைய சிஸ்டமா இருந்தாலும் இன்னொரு 2 ஜிபி ராம் போடுங்க, ஃபுல் ஹெச்டி வழுக்கிட்டு ஓடும்." படிச்சதுல இருந்து எரியுது. இதை நம்பி ஜனங்க டிடிஆர்2ங்கிற பழைய வகை ராம் தேடி கடை கடையா அலையுறாங்க.

வீடியோ திக்குறது மெமரி பத்தாம இல்ல, டிகோட் பண்ணி, அதாவது சுருக்கி வெச்ச வீடியோவை விரிச்சு படமாக்கி, முடிக்க நேரம் பத்தாம. 1920க்கு 1080 ஃபிரேம் ஒண்ணு 8 பிட்ல சுமார் 3.1 எம்பி. இப்ப நிறைய வீடியோ வர்ற ஹெச்.264ங்கிற சுருக்குற முறைக்கான டிகோடர் பழைய ஃபிரேம்னு 16க்கு மேல கையில வெச்சுக்காது. மொத்தம் 50 எம்பி. 2 ஜிபியில 50 எம்பிக்கு இடம் இல்லையா? நொடிக்கு 24 ஃபிரேம்னா ஒரு ஃபிரேமுக்கு கிடைக்கிறது 41.7 மில்லிசெகண்ட். அதுக்குள்ள சிபியு முடிக்கலன்னா அந்த ஃபிரேம் போச்சு. திக்கல்னா இதுதான்.

நம்ம பக்கம் இன்னும் ஓடிட்டிருக்கிற ஜி31 மதர்போர்டுல கூடவே வர்ற ஆன்போர்டு கிராபிக்ஸ் இன்டெல் ஜிஎம்ஏ 3100. அது டிவிடியில வர்ற பழைய எம்பெக்-2க்குதான் கை கொடுக்கும். ஹெச்.264னா மொத்த பாரமும் சிபியு தலையில. இதுல ராம் வந்து என்ன பண்ணும்?

சிப்காட் மோட்டார்:
அந்த டிப்ஸ் எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். ஆன்போர்டு கிராபிக்ஸ் தனக்கு வேணும்ங்கிற மெமரியை எங்கிருந்து எடுக்குது? ராம்ல இருந்துதான். ஒரே ஸ்டிக்கா இருந்தா சிங்கிள் சேனல். அதே ஸ்பீடுல ஜோடி ஸ்டிக் போட்டா டூயல் சேனல். டிடிஆர்2 800ல நொடிக்கு 6.4 ஜிபி போறது 12.8 ஜிபி ஆகும். இது தெரியாம பக்கம் பக்கமா கணக்கு போடாதீங்க.

பாலாற்றங்கரை:
அந்த 6.4 ஜிபியில வீடியோ எவ்வளவு கேக்குதுன்னு சொன்னீங்களா? ஆர்ஜிபியா மாத்தின ஃபிரேம் 8.3 எம்பி. 24ஆல பெருக்கினா நொடிக்கு 200 எம்பி. டிகோடர் நாலைஞ்சு தடவை படிச்சு எழுதினாலும் 1 ஜிபிதான் வரும். பாலாறு அகலத்துக்கு ரோடு போட்டு அதுல ஒரு சைக்கிள் போற மாதிரி. ரோட்டை இன்னும் அகலப்படுத்தினா சைக்கிள் வேகமா போகுமா?

ராம் போடுறதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜர் திறங்க. சிபியு 100ல நிக்குதான்னு பாருங்க. 50ல நின்னாலும் ஏமாறாதீங்க, டூயல் கோர்ல 50னா ஒரு கோர் முழுசா அடைச்சு நிக்குதுன்னும் அர்த்தம் ஆகலாம். எம்பிசி பிளேயர்ல கன்ட்ரோல் ஜே அழுத்துங்க, எத்தனை ஃபிரேம் விழுதுன்னு கண்ணு முன்னாடி காட்டும்.

குடியாத்தம் தறி:
அண்ணே, எனக்கும் இதே பிரச்சினைதான். பென்டியம் டூயல் கோர் இ5200, ஜி31 போர்டு, 2 ஜிபி, விண்டோஸ் 7. ஒரு 1080 ஃபைல் ஆரம்பத்துல இருந்தே திக்குது. வேற படங்க நல்லாதான் ஓடுது. ராம் வாங்கட்டுமா வேணாமா?

பாகாயம் மேடு:
ரெண்டு பேரும் மெமரியிலயே கெடக்கீங்க. ஊரு பேரே வெயிலூர்னு சொல்றாங்க. அக்னி நட்சத்திரத்துல ரூமே 38 டிகிரி கீது, கேபினெட் உள்ள இன்னா கதி? சிபியு மேல சூடு கடத்தத் தடவுற பேஸ்ட் காஞ்சு பொடியா போயிருக்கும், இன்டெல் ஃபேனோட நாலு பிளாஸ்டிக் பின்ல ஒண்ணு எகிறியிருக்கும். சூடு ஏறினா சிபியு தானே வேகத்தைக் குறைச்சுக்கும். பத்து நிமிஷம் நல்லா ஓடி அப்புறம் திக்கினா சூடு. முதல் நொடியில இருந்தே திக்கினா டிகோட். இது ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காம யாருக்கும் வைத்தியம் சொல்லக்கூடாது.

பேஸ்ட் போடுறப்ப பழசை ஸ்பிரிட்ல சுத்தமா துடைச்சுட்டு நடுவுல அரிசி அளவு வெச்சா போதும். பின்னை குறுக்கு வாட்டமா அழுத்தணும், நாலும் டக்குனு சத்தம் வரணும். போர்டுக்குப் பின்னாடி கருப்பு முனை நாலும் வெளிய வந்திருக்கான்னு பாக்காம மூடாதீங்க.

சிப்காட் மோட்டார்:
பாகாயத்துக்காரர் சொன்னதை ஒத்துக்கிறேன், அதோட ராமும் போடணும். 2 ஜிபியில விண்டோஸ் 7, பிரவுசர்ல பத்து டேப், ஆன்டிவைரஸ் எல்லாம் ஓடினா ராம்ல இடம் பத்தாம ஹார்டு டிஸ்க்குக்கு ஸ்வாப் ஆகும். அப்ப திக்காம என்ன பண்ணும்?

பாலாற்றங்கரை:
பத்து டேப்பை மூடுங்க. காசு செலவில்ல. டிப்ஸ்ல நீங்க எழுதினது "ஃபுல் ஹெச்டி வழுக்கிட்டு ஓடும்". அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

ஓடணும்னா வழி இதுதான். செகண்ட்ஹேண்ட் ஜிடி 210 கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போடுங்க, ஹெச்.264 டிகோடை அது பாத்துக்கும். 30 வாட்தான், தனி பவர் ஒயர் வேணாம், ஜி31 போர்டுல இருக்கிற நீள ஸ்லாட்ல உக்காரும். குட்டி கேபினெட்னா பாதி உயர பிளேட் இருக்கான்னு கேட்டு வாங்குங்க. டிரைவரை என்விடியா 2016லயே நிறுத்தியாச்சு, அந்த கடைசி டிரைவரே போதும். கார்டைச் சொருகிட்டு அப்படியே விட்டா ஒண்ணும் நடக்காது. எம்பிசியில ஆப்ஷன்ஸ், இன்டர்னல் ஃபில்டர்ஸ், வீடியோ டிகோடர் போய் டிகோடை கார்டுக்குத் தள்ளுற டிஎக்ஸ்விஏ2 நேட்டிவ் தேர்ந்தெடுங்க. மானிட்டர் கேபிளை போர்டுல இருந்து கழட்டி கார்டுல மாட்டுங்க, இதை மறக்கிறவங்க நிறைய. அப்புறம் ஹெச்.264ல எதைக் கொடுத்தாலும் சிபியு சும்மா கெடக்கும்.

காட்பாடி லூப்லைன்:
எதுக்கு எம்பிசி? விஎல்சியிலயே டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட் கோடெக்ஸ் போனா ஹார்ட்வேர் டிகோடிங் இருக்கு. கார்டு வாங்க காசில்லாதவங்களுக்கு அதே பக்கத்துல லூப் ஃபில்டர் ஸ்கிப்னு, படத்துல கட்டங்களை மழுப்புற வேலையை விட்டுடுற ஆப்ஷன் இருக்கு, அதை "ஆல்" வைங்க. ஓரங்கள்ல கட்டம் கட்டமா தெரியும், ஆனா சிபியு பாரம் நல்லா குறையும். யூடியூப் திக்கினா அது வேற சமாச்சாரம், அங்க விபி9, ஏவி1னு வேற சுருக்குற முறை வருது. பிரவுசர்ல ஹெச்264இஃபைன்னு ஒரு எக்ஸ்டென்ஷன் போடுங்க, ஹெச்.264 மட்டும் வரும்.

பாலாற்றங்கரை:
லூப் ஃபில்டரை அணைச்சுட்டு படம் பாக்கிறது, கண்ணாடியைக் கழட்டிட்டு பேப்பர் படிக்கிற மாதிரி. இருட்டு சீன் எல்லாம் சதுரம் சதுரமா உடையும். விஎல்சி கோஷ்டிக்கு அது தெரியாது. போன மாசம் இன்வெர்ட்டர் விவாதத்துலயும் லூப்லைன் இப்படித்தான் நடுவுல வந்து குழப்பினாரு.

காட்பாடி லூப்லைன்:
இன்வெர்ட்டர் விவாதத்துல பேட்டரி ஏஹெச் கணக்கைத் தப்பா போட்டது நீங்க. திருத்தினது நான். அந்தக் கோவத்தை விஎல்சி மேல காட்டாதீங்க.

சிப்காட் மோட்டார்:
பார்த்தீங்களா, யாரு வந்தாலும் இவருக்கு சண்டைதான். வேலூர்க்காரங்களுக்கு எப்பவும் தாங்கதான் பெரியவங்கன்னு நெனப்பு.

பாலாற்றங்கரை:
ஊரை ஏன் இழுக்கிறீங்க? ராணிப்பேட்டையும் வேலூர் மாவட்டம்தானே.

சிப்காட் மோட்டார்:
2019லயே பிரிச்சாச்சு. ராணிப்பேட்டை தனி மாவட்டம். ஃபிரேம் கணக்கு தெரியும், சொந்த ஊர் கணக்கு தெரியல.

பாகாயம் மேடு:
அப்படிப் பாத்தா எல்லாமே ஒரே வட ஆற்காடுதான் நைனா. 1989ல திருவண்ணாமலை பக்கத்தைப் பிரிச்சாங்க, அப்புறம் திருப்பத்தூரு, ராணிப்பேட்டை. வெயில் மட்டும் பிரியல. பேஸ்ட்டை மாத்துங்க மொதல்ல.

குடியாத்தம் தறி:
ஃபைல் விவரம் காட்டுற மீடியாஇன்ஃபோ போட்டு பார்த்தேன் அண்ணே. ஹெச்.264, 1920க்கு 1080, 23.976 ஃபிரேம், 9 எம்பிபிஎஸ். ஃபார்மட் புரொஃபைல் "ஹை 10"னு போட்டிருக்கு. பிட் டெப்த் 10. ஜப்பான் அனிமே ஃபைல்.

பாலாற்றங்கரை:
பிடிச்சாச்சு. 10 பிட் ஹெச்.264. வழக்கமான 8 பிட்டை விட சிபியுக்கு பாரம் கூடுதல். மத்த படம் ஓடி இது மட்டும் திக்குறதுக்கு காரணம் அதுதான். ராமுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு நான் முதல்லயே சொன்னேன்.

காட்பாடி லூப்லைன்:
ஒரு நிமிஷம். ஜிடி 210 போட்டா இது ஓடுமா? 10 பிட் ஹெச்.264ஐ அந்த கார்டு டிகோட் பண்ணாது. அதுக்கப்புறம் வந்த ஜிடி 1030கூட அதைத் தொடாது, ஹெச்.264க்கு அடுத்து வந்த ஹெச்இவிசியிலதான் 10 பிட் பண்ணும். டிஎக்ஸ்விஏ தானே விலகி பாரம் மறுபடி சிபியு மேல வரும். "எதைக் கொடுத்தாலும்"னு எழுதினது யாரு?

பாலாற்றங்கரை:
நான் சொன்னது சாதாரண 8 பிட் ஃபைலுக்கு. அது எல்லாருக்கும் புரியும்.

சிப்காட் மோட்டார்:
"எதைக் கொடுத்தாலும்"னா 8 பிட்டா? நான் எழுதினதுல ஒவ்வொரு எழுத்தையும் பிடிச்சு தொங்கினீங்களே.

பாலாற்றங்கரை:
உங்க 2 ஜிபி ராம் இந்த 10 பிட் ஃபைலை ஓட வெக்குமா? ஆமாவா இல்லையா?

குடியாத்தம் தம்பி, வீடியோவை வேற வடிவத்துக்கு மாத்துற ஹேண்ட்பிரேக் சாஃப்ட்வேர்ல அந்த ஃபைலைக் கொடுங்க. வீடியோ டேப்ல வெறும் எக்ஸ்264 தேர்ந்தெடுங்க, பக்கத்துல 10 பிட்னு போட்டிருக்கிறதைத் தேர்ந்தெடுக்காதீங்க. தரத்துக்கான ஆர்எஃப் 20, புரொஃபைல் ஹை, லெவல் 4.1. அப்புறம் டைமென்ஷன்ல 1280க்கு 720 ஆக்குங்க, புள்ளிகள் 2.25 மடங்கு குறையும், உங்க இ5200 கார்டு இல்லாமயே ஓட்டும். ஆனா உங்க மெஷின்லயே மாத்தினா, நொடிக்கு 8 ஃபிரேம் வேகம்னு வெச்சாலும் ரெண்டு மணி நேர ஃபைலுக்கு ஆறு மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுட்டு தூங்குங்க, ஃபேன் சுத்துதான்னு மட்டும் பாருங்க.

பாகாயம் மேடு:
ஆறு மணி நேரம் 100 சதவீதத்துலயா? பேஸ்ட் மாத்தாம போட்டா பாதியில அணைஞ்சிடும்.

சிப்காட் மோட்டார்:
தம்பி, ஹேண்ட்பிரேக் ஓடுறப்ப 2 ஜிபி பத்தலன்னு ஸ்வாப் ஆகும் பாருங்க. அப்ப இந்தப் பதிவுக்கு வந்து சொல்லுங்க. டிப்ஸை நான் எடுக்கப் போறதில்ல.

பாலாற்றங்கரை:
எடுக்காதீங்க. அதுக்குக் கீழேயே அந்த 50 எம்பி கணக்கை நான் ஒட்டி வெக்கிறேன்.