பெயிண்ட் கடைசியில: நீலகிரி ஹெரால்டு, பியட் குழு

கேத்தி தம்பி: எல்லாருக்கும் வணக்கம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் த்ரீ, நாலு கதவு வண்டி வாங்கியாச்சு. ரொம்ப நாளா ஷெட்ல நின்னது. எஞ்சின் ஓடுது. மொதல்ல பாடியை உரிச்சு பெயிண்ட் அடிச்சுடலாம்னு இருக்கேன். குன்னூர் பக்கம் நல்ல பெயிண்டர் யாருங்க?

அருவங்காடு மாமா: பெயிண்டரை அப்புறம் தேடலாம் தம்பி. முன் வீல் ரெண்டையும் ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டிப் பாத்தீங்களா?

கேத்தி தம்பி: இடது பக்கம் லேசா ஆடுதுங்க மாமா. வீல் பேரிங்னு மெக்கானிக் சொன்னார்.

அருவங்காடு மாமா: ஒருத்தரை உள்ள உக்காத்தி பிரேக்கை அழுத்திப் புடிக்கச் சொல்லுங்க. அப்ப ஆட்டம் நின்னுட்டா பேரிங். பிரேக் புடிச்சும் ஆடுனா மேல பால் ஜாயிண்ட், இல்ல கீழ டிரன்னியன், அதாவது முன் வீல் நின்னு திரும்பற கட்டை. எது ஆடுதுன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

கேத்தி தம்பி: பாத்துட்டேன். பிரேக் புடிச்சும் ஆடுது. கீழதான்.

அருவங்காடு மாமா: அப்ப வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீங்க. முன் வீலோட பாரம், ஸ்டியரிங் திருப்பறது எல்லாம் அந்த ஒரு மரையிலதான் நிக்குது. வீலைத் தாங்கி நிக்கற வெர்டிகல் லிங்க் இரும்பு, அது திருகி உக்கார்ற டிரன்னியன் வெண்கலம். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுத்தும். அதுக்குப் போடவேண்டியது ஈபி 90 கியர் ஆயில். கிரீஸ் இல்ல. நிப்பிளைப் பாத்ததும் பட்டறையில கிரீஸ் கன்னை வெச்சு அமுக்கிடுவாங்க. கிரீஸ் மரைக்குள்ள ஏறாம அடியிலயே கெட்டியாயிடும், மேல ரப்பர் சீல் வழியா தண்ணி எறங்கும், மரை துருப்பிடிக்கும். கடைசியில லிங்க்கு மரை ஆரம்பிக்கற இடத்துல ஒடிஞ்சு வீல் மடங்கிடும். பெரும்பாலும் மெதுவா போய் ஸ்டியரிங்கை முழுசா திருப்பறப்ப ஒடியும். நம்ம ஊர்ல முழுசா திருப்பற இடம் கொண்டை ஊசிதான்.

மேட்டுப்பாளையம் அண்ணன்: மாமா சொல்றது சரி. புது டிரன்னியன் மட்டும் போட்டாலும் பத்தாது. லிங்க்கோட மரையில குழி இருந்தா அது புது வெண்கலத்தையும் அரைச்சுடும். கழட்டி மண்ணெண்ணெய்ல கழுவி நகத்தை வெச்சு ஓட்டிப் பாருங்க. நகம் சிக்குனா லிங்க்கையும் மாத்துங்க. நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் கோயமுத்தூர்ல டை பெனட்ரன்ட் சோதனை பண்றவங்க கிட்ட குடுங்க. கண்ணுக்குத் தெரியாத கீறல் செவப்புக் கோடா தெரிஞ்சுடும். வெல்டு வெச்சு மரை வெட்டித் தர்றேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. வெல்டு வெச்ச எடத்துக்குப் பக்கத்துலதான் அடுத்து ஒடியும்.

கேத்தி தம்பி: டிரன்னியனை இங்க லேத்துல கடையலாமாண்ணா?

மேட்டுப்பாளையம் அண்ணன்: கடையலாம், ஆனா தேவையில்ல. இங்கிலாந்துல நம்ம வண்டிக்கு மூலமான டிரையம்ப் ஹெரால்டு, அதே பாகம் வர்ற ஸ்பிட்ஃபயர் ரெண்டையும் இன்னும் நெறைய பேர் ஓட்டறாங்க. அதனால டிரன்னியன், புஷ், சீல், த்ரஸ்ட் வாஷர் எல்லாம் புதுசா தயாராகுது, தபால்ல வரும். சுங்கவரியும் சேர்த்துக் கணக்குப் போட்டு, சின்ன பாகம் எல்லாத்தையும் ஒரே ஆர்டரா போடுங்க. கண்ணாடி, விளக்கு, கதவுக் கைப்பிடி மாதிரி நம்ம மெட்ராஸ் ஃபேக்டரி வண்டிக்கே உரியதுக்கு சென்னை புதுப்பேட்டை, கோயமுத்தூர் உக்கடம் பழைய பாகக் கடைங்கதான். கையில பழைய பாகத்தை எடுத்துட்டுப் போங்க, போட்டோவை நம்பாதீங்க. அதே கம்பெனியோட கெஸல் வண்டி பாகத்தை ஹெரால்டுக்குன்னு குடுப்பாங்க. கெஸலோட பின்பக்க ஆக்சிலே வேற வகை.

கோத்தகிரி அக்கா: தம்பி, எஞ்சின் ஓடுதுன்னு சொன்னீங்களே, எஞ்சினுக்கு முன்னாடி ஃபேன் பெல்ட் சுத்தற க்ராங்க் புல்லியைப் பாத்தீங்களா?

கேத்தி தம்பி: இல்லைங்க்கா. அதுல என்ன பாக்கணும்?

கோத்தகிரி அக்கா: எஞ்சினை அணைச்சுட்டு, ஒருத்தர் க்ளட்ச்சை மிதிச்சு மிதிச்சு விடட்டும். நீங்க முன்னாடி நின்னு புல்லியைப் பாருங்க. முன்னும் பின்னும் நகர்றது கண்ணுக்குத் தெரிஞ்சா, க்ராங்க் அப்படி நகராம தடுக்கற த்ரஸ்ட் வாஷர் தேஞ்சிருக்கு. டயல் கேஜ் வெச்சு அளந்தா 0.2 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். பின் மெயின் பேரிங் கிட்ட அரை நிலா மாதிரி ரெண்டு துண்டு, அவ்வளவுதான். ரொம்பத் தேஞ்சா அது கழண்டு ஆயில் சம்ப்ல விழுந்துடும். அப்புறம் க்ராங்க் நேரா பிளாக்கையே உரசும். பிளாக் போனா எஞ்சின் போச்சு. இதுக்கு எஞ்சினை எறக்க வேண்டாம். சம்ப்பைக் கழட்டி பின் மெயின் கேப்பை எடுத்தா பழசைத் தள்ளி எடுத்துட்டு புதுசைச் சொருகலாம். பள்ளம் வெட்டின பக்கம் க்ராங்க்கைப் பாத்து இருக்கணும். தேய்மானம் அதிகம்னா 5 தவ் (ஒரு தவ்னா இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கூடுதல் தடிமன்லயும் கிடைக்கும்.

கோத்தகிரி அக்கா: இன்னொண்ணு. ஏத்தத்துல டிராஃபிக் நின்னா க்ளட்ச்சுலயே வண்டியைத் தாங்கி நிக்காதீங்க. மிதிச்சிருக்கற நேரமெல்லாம் பாரம் அந்த வாஷர் மேலதான். ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரல்ல நில்லுங்க.

லவ்டேல் அண்ணன்: ஹேண்ட் பிரேக் புடிச்சா 😀 நின்ன வண்டில பிரேக் மொத்தத்தையும் கழட்டியே ஆகணும் தம்பி. ஹெரால்டுக்கு ஒரே சர்க்யூட். ஒரு வீல் சிலிண்டர் ஒழுகுனா நாலு வீலுக்கும் பிரேக் இல்ல. மாஸ்டர் சிலிண்டர் கிட், நாலு வீல் சிலிண்டர், எல்லா ரப்பர் ஹோஸும் புதுசு. இரும்புப் பைப்புல துரு இருந்தா 3/16 இஞ்ச் காப்பர் நிக்கல் பைப்பு போடுங்க, இந்த மூடுபனிக்கு அதுதான் தாங்கும். வெறும் செம்புப் பைப்பு வேண்டாம், அதிர்வுல கீறல் விடும்.

லவ்டேல் அண்ணன்: முன் சிலிண்டரும் பின் சிலிண்டரும் ஒரே அளவு இல்ல. பழசு மேல வார்ப்புலயே அளவு இருக்கும், தேய்ச்சுப் படிங்க. உள்ள குழி விழுந்திருந்தா எமரி போட்டுத் தேய்க்காதீங்க, ஸ்லீவ் போடக் குடுங்க. டாட் 4 பிரேக் ஆயில், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். அது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். ஈரம் சேந்த ஆயில் குன்னூர் எறக்கத்துல டிரம் சூடாகறப்ப கொதிச்சு ஆவியாகும், மிதி கீழ போயிடும். அதனாலதான் எறக்கத்துல செகண்ட் கியர். ஃபர்ஸ்ட்டுக்கு சிங்க்ரோ கிடையாது, ஓட்டத்துல உள்ள தள்ள முடியாது. ஆக, எறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே செகண்டைப் போட்டுருங்க.

கேத்தி தம்பி: டயர் வெடிச்சிருக்கு. 5.20-13 எங்கயும் இல்லைங்கறாங்க.

லவ்டேல் அண்ணன்: 145/80 ஆர் 13 ரேடியல் போடுங்க, புது ஆல்டோ கே10க்கு வர்ற சைஸ். பழைய ரிம்முல டியூப் போட்டுத்தான் ஓட்டணும். நாலும் ரேடியலா இருக்கணும், பழைய நைலானோட கலக்காதீங்க. காத்து பின்னாடி முன்னாடியை விடக் கொஞ்சம் கூட இருக்கட்டும்.

அருவங்காடு மாமா: பின்னாடின்னு சொன்னதும் ஞாபகம் வருது. பின் ஸ்பிரிங் பட்டையைப் பட்டறையில குடுத்து தூக்கி வளைக்காதீங்க தம்பி. இது ஸ்விங் ஆக்சில், ஒவ்வொரு பின் வீலும் ஆக்சிலோட சேந்து மேலயும் கீழயும் ஆடும். வண்டி பின்னாடி உசந்தா வீல் ரெண்டும் கீழ உள்பக்கம் சாயும். வளைவு நடுவுல ஆக்சிலரேட்டரை பட்டுன்னு விட்டாலோ பிரேக் அடிச்சாலோ வெளிப்பக்க வீல் வண்டிக்கு அடியில மடிஞ்சு பின்பக்கம் சுத்திடும். ரெண்டு பேர் உக்காந்தா பின் வீல் நேரா நிக்கணும், இல்ல மேல்பக்கம் ஒரு துளி உள்ள சாஞ்சிருக்கணும். அந்த அளவுக்குத்தான் பட்டை. ஓட்டறப்ப வேகத்தை வளைவுக்கு முன்னாடியே குறைச்சுட்டு, வளைவுல லேசா ஆக்சிலரேட்டர் குடுத்தபடியே போங்க.

வெலிங்டன் மாப்ள: ஊட்டி ஏறுனா என் வண்டி கரும்புகை விடுது. கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட்டை மாத்தணுமா?

லவ்டேல் அண்ணன்: ஊட்டி 2240 மீட்டர். காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தை விட ஐந்துல ஒரு பங்கு கம்மி. பெட்ரோல் அதே அளவு வந்தா புகைதான். மலையை விட்டு எறங்காத வண்டின்னா சோலெக்ஸ் கார்புரேட்டரோட மெயின் ஜெட்டை ஒரு சைஸ் குறைக்கலாம், 120 இருந்தா 115. மேட்டுப்பாளையம், கோயமுத்தூர் போய் வர்றவங்க மாத்த வேண்டாம். கீழ அந்த ஜெட் பத்தாம வால்வு கருகும். மொதல்ல சோக் முழுசா திறக்குதா, ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கான்னு பாருங்க. அப்புறம் பாயிண்ட் 15 தவ், பிளக் 25 தவ், வால்வு குளிர்ந்த எஞ்சின்ல 10 தவ். பாதிப் புகை அதுலயே போயிடும்.

கோத்தகிரி அக்கா: ரேடியேட்டர் மூடியையும் பாருங்க. இங்க தண்ணி 93 டிகிரி பக்கத்துலயே கொதிக்கும். மூடியோட ஸ்பிரிங் தளந்திருந்தா எஞ்சின் நல்லா இருந்தாலும் ஏத்தத்துல பொங்கிடும். பெட்ரோல் ஹோஸும் இ20, அதாவது எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கற ரகமா மாத்துங்க. பழைய ரப்பர் உள்ள ஊறி உரிஞ்சு ஜெட்டை அடைக்கும். பம்ப் டயாஃப்ரமும் அப்படித்தான்.

கேத்தி தம்பி: சரிங்க்கா. பாடியில கதவுக்குக் கீழ துரு ஓட்டை இருக்கு. டிங்கர் அதை வெட்டி எடுத்துடலாம்கறார்.

மேட்டுப்பாளையம் அண்ணன்: வெட்டறதுக்கு முன்னாடி கதவு இடைவெளி நாலு பக்கமும் அளந்து எழுதி வைங்க. கதவு நிக்கற எடத்துல குறுக்கே ஒரு இஞ்ச் சதுரப் பைப்பை வெல்டு வெச்சுக்கங்க. இல்லேன்னா பாடி தொய்ஞ்சு கதவு மறுபடி மூடாது. ஹெரால்டுல சேசிஸ் தனி, பாடி துண்டு துண்டா போல்ட்ல நிக்குது. அதனால வேலை சுலபம், ஆனா அடியில கைகையா நீட்டிட்டு இருக்கற சட்டம் அரிச்சிருந்தா அதை மொதல்ல 16 கேஜ் தகட்டுல செஞ்சு மாத்தணும். மேல பாடியைச் சரி பண்ணி அப்புறம் சட்டத்தை மாத்துனா எல்லா இடைவெளியும் கெட்டுப்போகும். போல்ட் எல்லாம் இஞ்ச் மரை. 7/16, 1/2, 9/16 ஸ்பானர் வாங்கிக்கங்க. மில்லிமீட்டர் போல்ட்டைத் திணிச்சா மரை போயிடும்.

அருவங்காடு மாமா: வேலை முடிஞ்சதும் பிளாஸ்டிக் சீட் போட்டு மூடாதீங்க. ஈரம் உள்ளயே நிக்கும். ஷெட்ல காத்து ஓடணும், மேல பருத்தித் துணி போதும்.

வெலிங்டன் மாப்ள: ஆர்சியை விண்டேஜுக்கு மாத்திக்கலாமே தம்பி? 50 வருஷம் தாண்டிடுச்சுல்ல.

கோத்தகிரி அக்கா: அவசரப்படாதீங்க. 2021ல வந்த விதிப்படி விண்டேஜ் வண்டிக்கான விஏ நம்பருக்கு 20,000 ரூபாய் கட்டணம், 10 வருஷம் செல்லும். ஆனா அந்த வண்டியை தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பாக்க மாதிரி வேலைக்குத்தான். மார்க்கெட்டுக்குப் போக வரணும்னா சாதா ஆர்சியையே புதுப்பிச்சுக்கங்க.

கேத்தி தம்பி: சாதாவே இருக்கட்டும்க்கா. ஓட்டத்தான் வாங்குனேன். இப்ப ஆர்டர் போடறேன்: டிரன்னியன் 2, லிங்க் 2, புஷ் கிட் 2, த்ரஸ்ட் வாஷர் ஒரு செட், மாஸ்டர் கிட், வீல் சிலிண்டர் 4, ஹோஸ். சரியா மாமா?

அருவங்காடு மாமா: டிரன்னியன் ஒரே நம்பர்ல ரெண்டு போட்டுடாதீங்க. இடது பக்கத்துக்கு இடது மரை, வலதுக்கு வலது மரை, நம்பர் வேற வேற. லிங்க்கும் அப்படித்தான். வந்ததும் மாட்டறப்ப அடி வரைக்கும் முழுசா திருகிட்டு, ஸ்டியரிங் ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திரும்பற அளவுக்கு மட்டும் பின்னாடி விடுங்க. முழுசா இறுக்கி விட்டா திருப்பறப்ப மரை முட்டி ஒடியும். முன் வீலைத் தாங்கற விஷ்போன் கையோட ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி நாலு வீல்ல நிக்கறப்பதான் இறுக்கணும். டிரன்னியன் ஆயிலை மேல சீல்ல கசியற வரைக்கும் ஏத்துங்க. பருவமழைக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை.

கேத்தி தம்பி: சரிங்க மாமா. சீல் ரெண்டும் லிஸ்ட்ல சேத்துக்கறேன்.