கிளியர் கோட்டுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ஒரு காரோடு கொடுக்கும் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பிரேக், கிளட்ச் எல்லாவற்றையும் அப்படியே விட்டாயிற்று. புது வண்டியின் பெயிண்டைப் பராமரிக்கும் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். நிறத்துக்கு மேலே நிறமே இல்லாமல் ஒரு பூச்சு அடிக்கிறார்களே, கிளியர் கோட், அதற்கு ஒரு சொல் வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘மேற்பூச்சு’ என்று போட்டேன். மேலே பூசியிருப்பது பெயிண்ட்தானே என்று திருத்துநர் கேட்டுவிட்டார்.

— மொழிபெயர்ப்பாளர், சென்னை

*

அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் கொடுத்த ஆடையை ‘அரவுரி அன்ன அறுவை’ என்கிறார் புலவர். பாம்புச் சட்டை போல அவ்வளவு மெல்லியது. கண்ணுக்கு இழை தெரியாது. ஆகவே ‘உரிப்பூச்சு’. உரி என்பது தோலையும் குறிக்கும், மரப்பட்டையையும் குறிக்கும், நாழியில் பாதி அளவுக்கும் பெயர். இதன் வேர் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

*

ஐயா, மன்னிக்கணும். நான் 9 வருஷம் பெயிண்ட் ஷாப்பில் இருந்தவன். கிளியர் கோட்டுக்கு வரும் பெரிய வியாதியே உரிவதுதான். பழைய வண்டிகளின் கூரையில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குவிட்டிருக்குமே, அது. கையேட்டில் ‘உரிப்பூச்சு’ என்று இருந்தால், உரியும் பூச்சு என்று நினைத்து ஆட்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

நாங்கள் ‘கிளியர்’ என்று மட்டும்தான் சொல்வோம். தகட்டைத் தொட்டியில் முக்கி எடுக்கும் முதல் பூச்சு, பிரைமர், நிறம், கடைசியில் கிளியர். எல்லாம் சேர்ந்தே சுமார் 100, 120 மைக்ரான். கிளியர் மட்டும் 40 பக்கம், தலைமுடியைவிட மெல்லிசு. பாலிஷ் மெஷின் வைக்கும்போதெல்லாம் அதிலிருந்துதான் கொஞ்சம் போகிறது. சொல் எதுவானாலும் சரி, ‘இது தேயும்’ என்பது ஓனருக்குப் புரியணும்.

— முன்னாள் பெயிண்ட் ஷாப்காரன், ஸ்ரீபெரும்புதூர்

*

தம்பி சொல்வது சரி. உரி என்ற பெயர்ச்சொல்லை வைத்தேன், அதனால்தான் ஒற்று மிகுந்தது. உரியும் பூச்சு என்றால் வினைத்தொகை, ‘உரிபூச்சு’ என்று ஒற்றில்லாமல் வரும். இந்த வேறுபாட்டைக் கார் வாங்குகிறவர் அறியமாட்டாரா?

— த. ஆ., தஞ்சை

*

அறியமாட்டார் ஐயா.

— ஸ்ரீபெரும்புதூர்

*

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. ‘பெயிண்ட்’ என்று எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். எங்கள் ஊரில் ‘தீந்தை’ என்றொரு சொல் உண்டு. போர்த்துக்கேயத்தில் இருந்து வந்தது என்பார்கள், இருக்கட்டும், அதுவும் திசைச்சொல்தானே. ‘தெளிதீந்தை’ எப்படி?

— யாழ்ப்பாணம்

*

பிற மொழிச் சொல்லைத் தூக்கிவிட்டு இன்னொரு பிற மொழிச் சொல்லா! ‘வண்ணம்’ இருக்கிறதே. அது வடசொல் என்பவர்கள் தொல்காப்பியர் சொல்லும் 20 வண்ணங்களுக்கு என்ன பதில் சொல்வார்கள்? பாடநூலில் உள்ள ‘ஒளிபுகும்’ என்பதை எடுத்து ‘ஒளிபுகு வண்ணக்காப்பு’ என்று வைக்கலாம்.

— கோவை

*

20 வண்ணமும் சந்தத்தைப் பற்றியவை, நிறத்தைப் பற்றியவை அல்ல.

— த. ஆ., தஞ்சை

*

ஒளிபுகு? நிறம் வெளுக்காமல் இருக்க, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கையும் அதில்தான் கலக்கிறோம். பாதி ஒளியை விடு, பாதியை நிறுத்து என்று பெயர் வைக்கலாமா?

— ஸ்ரீபெரும்புதூர்

*

யாழ்ப்பாணத்து நண்பரின் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ‘தெளிபூச்சு’. முதல் முறை வரும் இடத்தில் ‘கிளியர் கோட் எனப்படும் தெளிபூச்சு’. அடுத்த சிக்கல்: கழுவிய வண்டியை வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகத் தெரியும் கீறல். ‘சுழிக்கீறல்’ என்று போடலாமா?

— மொ.

*

அக்கா, கீறல் வட்டமே இல்லை. மண் ஒட்டிய துணியால் துடைத்ததில் எல்லாத் திசையிலும் கிடக்கும். வெளிச்சத்துக்குக் குறுக்கே அமைந்தது மட்டும் மின்னுவதால், சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னின மாதிரி தெரிகிறது. போனட்டைச் சுற்றி நடந்து பாருங்கள், வலையும் கூடவே வரும்.

— ஸ்ரீபெரும்புதூர்

*

அப்படியானால் ‘வலைக்கீறல்’. தெளிபூச்சு நல்ல வினைத்தொகை, முக்காலமும் உள்ளே இருக்கிறது. இருந்தாலும் உரிப்பூச்சை நான் கைவிடவில்லை.

— த. ஆ., தஞ்சை

*

கையேடு போய்விட்டது. ஆதரவு நாலு, கோவையும் தஞ்சையும் எதிர்ப்பு. நேற்று அச்சுப்படி வந்தது. மெய்ப்புப் பார்த்தவர் எல்லா இடத்திலும் ஒற்றுப் போட்டு ‘தெளிப்பூச்சு’ ஆக்கியிருக்கிறார். கேட்டால், ‘ஸ்பிரே பண்ணித்தானே மேடம் அடிக்கிறார்கள், தெளிப்பு’ என்கிறார்.

— மொ.