பச்சை விளக்கு விழுந்ததும் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது

கேள்வி:
டிராக் (drag) பந்தயத்துக்காக, அதாவது நேர்கோட்டில் குறுந்தூரம் ஓடும் போட்டிக்காகத் தயார்செய்த பின்சக்கர இயக்க வண்டி. ஃபோர் லிங்க் சஸ்பென்ஷன் (பின் அச்சை நான்கு கம்பிகள் பிடித்திருக்கும்), டிஃபரன்ஷியலில் ஸ்பூல் (இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் பூட்டு), பின்னால் டிராக் ரேடியல் டயர்கள் (இந்தப் பந்தயத்துக்கான அதிகப் பிடிமான டயர்கள்). கிளம்பும்போது டயர் கண நேரம் பிடிக்கிறது; உடனே சுழல்கிறது. வண்டி வலப்பக்கச் சுவரைப் பார்த்துப் போகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சமாளிப்பதற்குள் முதல் 60 அடி முடிந்துவிடுகிறது. காற்றழுத்தத்தை 20 பி.எஸ்.ஐ.யிலிருந்து 15 வரை இறக்கினேன். பிடிமானம் கூடவில்லை, கடைசி வேகத்தில் பின்பகுதி ஆடத் தொடங்கியதுதான் மிச்சம்.

பதில் 1:
இன்னும் இறக்காதீர்கள். டயர் தரையில் விடும் தடத்தைப் பாருங்கள். நடுப்பகுதி மட்டும் கறுத்திருந்தால் காற்று அதிகம். ஓரங்கள் கறுத்து நடு வெளிறியிருந்தால் குறைவு. இரண்டு தடங்களும் ஒரே கறுப்பா?

கேட்டவர்:
இல்லை. இடது அடர்த்தி, வலது மங்கல்.

பதில் 2:
அப்படியானால் டயரைக் குறை சொல்லாதீர்கள். இன்ஜின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் முறுக்குவிசை பின் அச்சின் இடப்பக்கத்தை அழுத்தி, வலப்பக்கத்தைத் தூக்கப் பார்க்கிறது. சுமையுள்ள இடது டயர் தள்ள, வலது வழுக்க, வண்டியின் மூக்கு வலப்பக்கம் திரும்புகிறது. பின் ஆன்டி ரோல் பாரின் (வண்டி பக்கவாட்டில் சாயாமல் தடுக்கும் கம்பி) இணைப்பு நீளத்தை மாற்றி, வலது டயருக்கு முன்கூட்டியே கொஞ்சம் சுமை கொடுங்கள். பார் இல்லையென்றால் வலது ஸ்பிரிங்குக்குள் காற்றுப்பை வைக்கலாம். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்கும்போதுதான் இதைச் சரிசெய்ய வேண்டும். காலி வண்டியில் செய்துவிட்டு ஒரு நாள் முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டவன் நான்.

பதில் 3:
முன் ஷாக் அப்சார்பரையும் தளர்த்துங்கள், எடை பின்னால் போகும்.

பதில் 2:
இப்போது வேண்டாம். பிடித்துவிட்டுப் பிறகு சுழல்வதைப் பார்த்தால், பின் ஷாக் மிக வேகமாக நீள்கிறது என்று தோன்றுகிறது. நீண்டு முடிந்ததும் டயர் மீதான அழுத்தம் விட்டுப்போகும். பக்கவாட்டிலிருந்து ஒரு காணொளி எடுத்தால் தெரிந்துவிடும். அப்படித்தான் என்றால் பின் ஷாக் மெதுவாக நீளும்படி அதன் நீட்சியை இறுக்குங்கள். ஆனால் முதலில் பார் மட்டும். ஓர் ஓட்டத்துக்கு ஒரு மாற்றம்.

கேட்டவர்:
பாரைத் திருத்தியதுமே வண்டி நேராகப் போகிறது. காணொளியில் நீங்கள் சொன்னதுதான் தெரிந்தது. நீட்சியை ஷாக்கின் திருகில் இரண்டு கிளிக் இறுக்கினேன், காற்றை 17க்கு ஏற்றினேன். 60 அடி நேரம் 1.62 நொடியிலிருந்து 1.53 ஆகிவிட்டது. பின்பகுதி ஆட்டமும் நின்றது. முன் ஷாக்கை அடுத்த வாரம் தொடுகிறேன்.