பிளாட்டினம் பாயிண்ட், டங்ஸ்டன் பாயிண்ட்: எதை எப்படிச் சோதிப்பது?

பாயிண்ட்பிரியன் கேட்டது:
என்னிடம் இரண்டு பழைய இக்னிஷன் (இன்ஜினில் ஸ்பார்க் உண்டாக்கும் அமைப்பு) இருக்கிறது. ஒன்று மேக்னட்டோ (பேட்டரி இல்லாமல் காந்தத்தால் தானே மின்சாரம் உண்டாக்குவது), அதில் பிளாட்டினம்-இரிடியம் பாயிண்ட், அதாவது திறந்து மூடி மின்சாரத்தை வெட்டும் உலோக முனை ஜோடி. இன்னொன்று பேட்டரி இக்னிஷன், டங்ஸ்டன் பாயிண்ட். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேக்னட்டோவில் இரு பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறது, டங்ஸ்டனிலோ ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் ஊசிமுனை மாதிரி ஒரு மேடு. மின்சாரத்தை நன்றாகக் கடத்துவது வெள்ளிதானே, அதை ஏன் விட்டார்கள்? மூன்றையும் நானே ஓட்டிப் பார்க்க ஆசை.

காயில்காரன்:
பாயிண்ட் பிரியும்போது கடைசியாக ஒட்டியிருக்கும் துளி இடத்தில் மொத்த மின்னோட்டமும் நெருக்கிக்கொண்டு போகும், அந்த இடம் உருகிவிடும். வெள்ளி 962 டிகிரியிலேயே உருகும், பிளாட்டினம் 1768, டங்ஸ்டன் 3422. பிளாட்டினத்தில் ஆக்சைடு படியாது, அதனால்தான் முதலில் அதைப் பிடித்தார்கள், கடினமாக இருக்க இரிடியம் கலந்தார்கள். ஆனால் விலை! அதிலும் அப்போது பெரும்பகுதி ரஷ்யாவின் யூரல் பகுதியிலிருந்து வந்துகொண்டிருந்தது, முதல் உலகப்போர் வந்ததும் தட்டுப்பாடு. அதற்குள் பல்பு இழைக்காக அமெரிக்க ஆய்வாளர் கூலிட்ஜ் வளையும் டங்ஸ்டனைச் செய்துவிட்டிருந்தார், அது இங்கேயும் கைகொடுத்தது.

குழியும் மேடும் வருவது மின்னோட்டம் எப்போதும் ஒரே திசையில் போவதால். உங்கள் மேக்னட்டோவில் திசை மாறி மாறி வரும், அதனால் சமமாகத் தேய்கிறது.

பழைய_இரும்பு:
உருகுநிலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டங்ஸ்டன் பாயிண்ட் வண்டியைச் சில மாதம் ஈரமான இடத்தில் நிறுத்தி வையுங்கள், மேலே மங்கலாக ஒரு படலம் படிந்து, கிராங்க் சுற்றிச் சுற்றிக் கை வலித்தாலும் ஸ்பார்க் வராது. மெல்லிய அரத்தால் இரண்டு இழு இழுத்தால் சரியாகிவிடும். எனக்கு இது இரண்டு முறை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானாவில் கார் தயாரித்த எல்வுட் ஹெய்ன்ஸ் ஸ்பார்க் பிளக் முனைக்கு அரிக்காத உலோகம் தேடித்தான் கோபால்ட்-குரோமியம் கலவைக்கு வந்தார், 1907-இல் காப்புரிமை வாங்கினார், அதுதான் ஸ்டெல்லைட். கடைசியில் அது பெயர் வாங்கியது வெட்டும் கருவிகளில்!

காயில்காரன்:
சோதிப்பதாக இருந்தால் காயில் (ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டைத் தரும் சுருள்), கன்டென்சர் (பாயிண்டுக்குக் குறுக்கே இணைத்து அங்கே பொறியைக் குறைக்கும் மின்தேக்கி), பாயிண்ட் இடைவெளி, ஸ்பிரிங் அழுத்தம் நான்கையும் மாற்றாமல் உலோகத்தை மட்டும் மாற்றுங்கள். முக்கியமாக கன்டென்சர். அதன் அளவு பொருந்தாவிட்டால் எந்த உலோகமும் சீக்கிரம் குழி விழும், நீங்கள் பாவம் உலோகத்தைக் குறை சொல்வீர்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடினால் பாயிண்ட் நிமிடத்துக்கு 3000 முறை திறக்கும், மணிக்கு 1,80,000. மோட்டாரில் கேமை (பாயிண்டைத் தள்ளித் திறக்கும் மேடுள்ள சக்கரம்) மாட்டி சில நாள் ஓடவிடுங்கள். முன்னும் பின்னும் எடை பாருங்கள், மூடியிருக்கும்போது பாயிண்டுக்குக் குறுக்கே எவ்வளவு வோல்ட் இறங்குகிறது என்றும் குறியுங்கள்.

பாயிண்ட்பிரியன்:
ரொம்ப நன்றி. அப்போது ஓட்டி முடித்த ஜோடிகளைச் சில வாரம் ஈரத்தில் வைத்து, அரம் போடாமல் மறுபடி வோல்ட் பார்க்கிறேன். கன்டென்சரை இன்றே அளந்துவிடுகிறேன்.