வட்டக்கானல் – வெள்ளகவி – கும்பக்கரை: காகித வரைபடமா, போனா?

கீழ்ப்பழனி: வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் உண்டு. கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் தொடங்கி, வெள்ளகவி மலைக்கிராமம் வழியாக அடிவாரத்துக் கும்பக்கரைக்கு நடந்து இறங்கப்போகிறேன். சர்வே ஆஃப் இந்தியாவின் (அரசு நில அளவைத் துறை) வரைபடத் தாள் அவசியமா, போனில் ஆஃப்லைன் மேப் போதுமா?

ஒத்தையடி: தாள்தான். 1:50,000 அளவு, 2 செ.மீ. என்றால் 1 கி.மீ., உயரக்கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) 20 மீட்டருக்கு ஒன்று. நீங்கள் இறங்கப்போவது 1,500 மீட்டருக்கு மேல், அதாவது எழுபத்தைந்து கோடுகளுக்கும் கூடுதல். அவை நெருக்கியடித்துக் கறுத்துக் கிடக்கும் இடத்தில்தான் முட்டி பேசும். ஒன்று கவனியுங்கள்: கொடைக்கானல் ஏரியிலிருந்து இரண்டு மூன்று கி.மீ.க்குள் நான்கு தாள்களின் மூலைகள் சேர்கின்றன (தாள் எண்கள் 58எஃப்/7, 8, 11, 12). "கொடைக்கானல் தாள்" என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் பாதி வழியில் உலகம் முடிந்துவிடும். உங்களுக்கு 8, 12 இரண்டும் வேண்டும்.

சிக்னல்சாமி: அந்தத் தாளில் இருப்பது எந்த வருஷத்துக் காடு அண்ணே? ஓரத்தில் சர்வே ஆண்டு போட்டிருக்கும், அதை முதலில் பாருங்கள். வெட்டவெளியாகக் காட்டும் இடத்தில் இன்று வாட்டில் மரம் (வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய சீகை வகை) அடைத்து நிற்கும். பாதை மூடிப் போயிருக்கும், தாளில் புள்ளிக்கோடு மட்டும் அப்படியே இருக்கும். மூடுபனி இறங்கிவிட்டால் எந்த மலையைப் பார்த்துத் தாளைத் திருப்பி வைப்பீர்கள்? போனில் நீலப்புள்ளி நிற்கும் இடத்தைச் சொல்லிவிடும்.

ஒத்தையடி: புள்ளி சரி, புள்ளிக்கு அடியில் இருக்கும் படம்? போன் ஆப்களின் உயரக்கோடுகள் பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து எடுத்த எஸ்.ஆர்.டி.எம். ரேடார் தரவு. ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். செங்குத்துப் பாறை ஒரே கட்டத்துக்குள் விழுந்தால் அதை இறங்கக்கூடிய சரிவாகத்தான் வரையும். டால்பின் மூக்குப் பக்கத் தென்விளிம்பில் இதை நம்பிக் குறுக்கே இறங்குவது தற்கொலை. அடர்ந்த சோலையிலும் பைன் தோப்பிலும் ரேடார் தரை வரை போகாது. மர உயரமும் சேர்ந்து பதிவாகும், தோப்பு முடிகிற ஓரத்தில் இல்லாத மேடு முளைக்கும்.

ஆப்பில் தெரியும் பாதைகளும் யாரோ வரைந்தவைதான். காட்டுமாட்டுத் தடமும் அதில் பாதையாகிவிடும்.

கோத்தகிரிக்காரி: இரண்டு பேரும் டேட்டத்தை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையை எந்த அடிப்படையில் கணக்கிட்டார்கள் என்பதை, விட்டுவிட்டீர்கள். பழைய தாள்கள் எவரெஸ்ட் டேட்டம். போன் காட்டுவது டபிள்யூ.ஜி.எஸ். 84. போனின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பழைய தாளில் அப்படியே குறித்தால் 100 மீட்டருக்கு மேல் விலகும். ஒடுங்கிய முகட்டில் அது வேறு பள்ளத்தாக்கு! 2005 வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கென வந்த ஓப்பன் சீரிஸ் தாளில் இந்தத் தொல்லை கிடையாது, அதுவும் டபிள்யூ.ஜி.எஸ். 84-தான். நீலகிரியிலும் இதே கதைதான்: ஊட்டிக்கு 58ஏ/11, குன்னூருக்கு 58ஏ/15 என்று பழைய எண்ணில் கிடைக்கும் ஸ்கேனை அப்படியே போனில் ஏற்றுகிறார்கள்.

சிக்னல்சாமி: அது நியாயம். போன் கொண்டுபோகிறவர்கள் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், ஜி.பி.எஸ். அதிலும் ஓடும்; டவர் தேடித்தான் பாட்டரி இறங்குகிறது. நெட் இல்லாமல் முதல் முறை இடம் பிடிக்கச் சில நிமிடம் ஆகும், அதனால் சோலைக்குள் நுழையுமுன் வெட்டவெளியிலேயே ஆன் செய்யுங்கள். டிராக் பதிவு ஓடட்டும். திரும்ப நேர்ந்தால் வந்த வழி கையில் இருக்கும். இதைத் தாள் தருமா?

ஒத்தையடி: தராது. ஈரக்கைக்குத் தொடுதிரை கேட்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், சாமி.

கீழ்ப்பழனிக்கு: பிரிண்ட் போடும்போது "ஃபிட் டு பேஜ்" டிக்கை எடுத்துவிடுங்கள். முழுத்தாள் சுமார் 55 செ.மீ. சதுரம், ஏ4-இல் அமுக்கினால் 2 செ.மீ. கணக்கு காலி. இரண்டு தாளையும் ஒட்டி, வேண்டிய பகுதியை மட்டும் ஏ3-இல் 100 சதவீதத்தில் எடுங்கள். ஏறத்தாழ 20-க்கு 14 கி.மீ. அடங்கும். அளவுகோலையும் வெட்டாமல் சேர்த்து, ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள். லேசர் பிரிண்டாக இருக்கட்டும். இங்க்ஜெட் மை சாரலில் கரைந்துவிடும்.

கீழ்ப்பழனி: நன்றி. வெள்ளகவிக்குக் கீழே ஓடைப்பக்கம் டென்ட் போடலாமா? மேப்பில் சமதளமாகத் தெரிகிறது.

கோத்தகிரிக்காரி: அனுமதிச்சீட்டில் இரவுத் தங்கல் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் பேச்சே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீக்குப் பின் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்துவிட்டன. அந்தச் "சமதளம்" 20 மீட்டர் இடைவெளியில் கோடு விழாத இடம், அவ்வளவுதான். 15 மீட்டர் பாறையும் அதற்குள் ஒளிந்திருக்கலாம். ராத்திரி காட்டுமாடு தண்ணீருக்கு இறங்குவதும் ஓடைக்குத்தான்.