ஓவல் செயின்ரிங் மாட்டியதிலிருந்து மிதி வெட்டுகிறது, முழங்கால் வலி. பழகினால் சரியாகுமா?

மண்டபம் முகாம்:
வணக்கம். என்னுடையது சாதா எம்டிபி, மலைப்பாதை வகை சைக்கிள். முன்னால் பெடல் பக்கம் ஒரே செயின்ரிங் (செயின் ஓடும் பல்சக்கரம்), பின்னால் 10 பல்சக்கரம். பழைய 32 பல் வட்ட ரிங் தேய்ந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவரிடம் 32 பல் ஓவல், அதாவது முட்டை வடிவ ரிங், ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது, நானே மாட்டினேன். நான்கு போல்ட், அரை மணி நேர வேலை.

அன்றிலிருந்து தொல்லைதான். பெடல் உச்சிக்கு வரும்போது இறுகி நிற்கிறது. அதை எப்படியோ தள்ளிவிட்டால், கால் கீழே இறங்கும்போது இருட்டில் இல்லாத படியில் கால் வைத்த மாதிரி பொசுக்கென்று போகிறது. பாம்பன் பாலம் ஏறி இறங்குவதற்குள் வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. சாயங்காலம் ராமநாதபுரம் பக்கம் திரும்பினால் கச்சான் காற்று முகத்திலேயே அடிக்கும், கேட்கவே வேண்டாம். பொறுத்துக்கொள்ளவா, கழற்றி எறியவா?

உச்சிப்புளி:
முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள் தம்பி. முன்பக்க முழங்கால் வலி என்றால் பெரும்பாலும் சீட் இறங்கியிருக்கும்.

மண்டபம் முகாம்:
சீட்டைத் தொடவே இல்லை அண்ணே. இரண்டு வருடமாக அதே உயரம்தான், வட்ட ரிங்கில் வலி இருந்ததில்லை.

தங்கச்சிமடம்:
எறிந்துவிடுங்கள். சைக்கிள் பாகம் செய்யும் ஷிமானோவே 1983-இல் பயோபேஸ் என்று வட்டமில்லாத ரிங்கைக் கொண்டுவந்து, பிறகு மூட்டை கட்டிவிட்டது.

கீழக்கரை:
பயோபேஸையும் இதையும் ஒரே கயிற்றில் கட்ட வேண்டாம். அதில் கால் பலமாக அழுத்தும் நேரத்தில் ரிங்கின் சின்னப் பக்கம் வரும். இப்போது வரும் ஓவல் நேர்மாறு. அழுத்தும்போது பெரிய பக்கம், பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது சின்னப் பக்கம். பெடல் நேர்மேலே, நேர்கீழே இருக்கும்போது காலுக்கு வலு கிடையாது, அந்த இடத்தைச் சுருக்காகக் கடக்கத்தான் இந்த ஏற்பாடு. 32 பல் ஓவல் என்றால், மாடலைப் பொறுத்து, வலுவான இடத்தில் கிட்டத்தட்ட 34 மாதிரியும் வலுவில்லாத இடத்தில் 30 மாதிரியும் நடந்துகொள்ளும். 2012-இல் பிராட்லி விக்கின்ஸ் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தது வட்டமில்லாத ரிங்கில்தான். அதற்காக நமக்கு வேகம் கூடிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

தம்பி சொல்லும் அடையாளம் அப்படியே தலைகீழாக இருக்கிறது. ஒன்று செய்யுங்கள். வலது கிராங்க்கை (பெடலைத் தாங்கும் கையை) முன்பக்கமாகத் தரைக்குச் சமமாக நிறுத்துங்கள். ரிங் நிற்கும் முட்டையா, படுத்த முட்டையா?

மண்டபம் முகாம்:
படுத்திருக்கிறது காக்கா. நல்லா நீட்டிப் படுத்திருக்கிறது.

கீழக்கரை:
அவ்வளவுதான் விஷயம். செயின் இழுப்பது ரிங்கின் மேல் விளிம்பை. கிராங்க் படுக்கையாக இருக்கும்போதுதான் காலுக்கு முழு வலு, அப்போது முட்டை கிட்டத்தட்ட நிற்க வேண்டும். நான்கு போல்ட்டும் சம இடைவெளியில் இருப்பதால் ஒரு ஓட்டை தள்ளி மாட்டினால் 90 பாகை மாறிவிடும். உங்களை அறியாமல் பயோபேஸ் மாதிரி ஒன்றை மாட்டி வைத்திருக்கிறீர்கள். உள்ளே எங்காவது ஒரு முக்கோணமோ சின்ன ஆணியோ இருக்கும், அது கிராங்க் கைக்கு நேராக வர வேண்டும். போல்ட்டுக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் காய்ந்த போல்ட் அடுத்த முறை கழலாது.

தொண்டி:
இடையில் ஒரு சந்தேகம். என்னுடையது சிங்கிள் ஸ்பீடு, கியர் மாற்றும் வசதி இல்லாதது. ஓவல் போட்டால் செயின் ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தொங்காதா?

கீழக்கரை:
கொஞ்சம்தான். எந்த நேரமும் ஏறக்குறைய பாதி ரிங்கைச் செயின் சுற்றியிருக்கிறது. ஓவலின் எந்தப் பாதியை எடுத்தாலும் பல் கணக்கு ஒன்றுதான். சுற்றிப் பார்த்து, மிக இறுகும் இடத்தில் லேசாகத் தளர்வு இருக்கும்படி சக்கரத்தை வையுங்கள், போதும்.

மண்டபம் முகாம்:
பத்து நாள் கழித்து வருகிறேன். கிரீஸ் கறுப்பில் அந்த முக்கோணக் குறி முழுதாக மறைந்து கிடந்தது. மாற்றி மாட்டினேன். முதல் இரண்டு நாள் கால் தானாகத் துள்ளுகிற மாதிரி இருந்தது, இப்போது ஓவல் என்பதே மறந்துவிட்டது. நேற்று தனுஷ்கோடி போய்த் திரும்பினேன். முழங்கால் வலி பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் இடையில் நான்கு நாள் ஓய்வும் கொடுத்தேன், எது வேலை செய்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். காற்றில் மெதுவாக மிதிக்கும்போது மட்டும் வித்தியாசம் தெரிகிறது, உச்சியில் கால் நிற்பதில்லை.

உச்சிப்புளி:
சீட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் தம்பி.