பூச்சி படிக்கிறேன் என்று சொன்னால்…

சில்வண்டு:
பட்டப்படிப்புக்குப் பூச்சியியல் எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எனக்கு இது மூன்றாம் வருடம். யாரைப் பார்த்தாலும் இரண்டே கேள்விதான். "முடித்துவிட்டு வீடு வீடாகப் போய் மருந்து அடிப்பாயா?", "அருவருப்பாக இருக்காதா?" முதலாவதற்குச் சிரித்துவிடுவேன். இரண்டாவதற்குப் பதில், இருந்தது, ஒரு வாரம். கரப்பானை அறுத்த அன்று போய்விட்டது. உள்ளே வெள்ளிக் கம்பி மாதிரி பளபளவென்று மூச்சுக்குழாய்கள் கிளை பிரிந்து ஓடுகின்றன. அதைப் பார்த்தபின் முகம் சுளிக்கத் தோன்றவில்லை.

நான் அடி வாங்கியது வேறு இடத்தில். முதல் பருவத்தில் ஆளுக்கு 50 பூச்சி பிடித்து, ஊசி குத்தி, பெட்டியில் அடுக்கிக் கொடுக்க வேண்டும். குறைந்தது பத்து வரிசைகளாவது (வண்டுகள் ஒன்று, ஈக்கள் ஒன்று என்று பூச்சிகளைப் பிரிக்கும் பெரும்பிரிவுகள்) இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அங்கேதான் சிக்கல். பெயர் வைக்கப்பட்ட பூச்சிகள் சுமார் 10 லட்சம் என்றால், கிட்டத்தட்ட 4 லட்சம் வண்டுகள்தான். எங்கே வலை வீசினாலும் வண்டுதான் வந்து விழும். மற்ற வரிசைகளுக்கு இரவில் விளக்கடியில் தவம் கிடக்க வேண்டும்.

என் பெட்டியின் ராஜா ஒரு நீளக்கொம்பு வண்டு. உணர்கொம்பு உடம்பைவிட நீளம். ஆசையாக நட்டநடுவில் ஊசியை இறக்கினேன். பேராசிரியர் லென்ஸில் பார்த்துவிட்டு, "பட்டாம்பூச்சிக்கு நடு மார்பு. வண்டுக்கு வலது மேல்சிறகு. நடுவில் குத்தினால் இனம் கண்டுபிடிக்க வேண்டிய அடையாளத்தையே ஓட்டை போட்டுவிடுகிறாய். வலப்பக்கம் கெட்டால் இடப்பக்கமாவது மிஞ்சும்" என்றார். சரி, அது மன்னிக்கப்பட்டது. மன்னிக்கப்படாதது லேபிள். ஆறு பூச்சிகளை எங்கே, என்று பிடித்தேன் என்று குறித்து வைக்கவில்லை. ஆறையும் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "இதெல்லாம் அலங்காரப் பொருள். வீட்டுக்கு எடுத்துப் போ."

குழியானை:
அந்த ஆறில் எனக்கும் பங்கு உண்டு தோழர், எனக்கு எட்டு!

என் கதை சின்னது. கையால் எடுக்க முடியாத குட்டிப் பூச்சிகளுக்கு உறிஞ்சு குழாய் கொடுப்பார்கள். ஒரு குழாயில் வாய் வைத்து இழுத்தால், மறு குழாய் வழியாகப் பூச்சி வந்து குப்பிக்குள் விழும். நடுவில் வலைத்துணி இருப்பதால் வாய்க்குள் வராது. ஆனால் வாசனைக்கு வலை ஏது? முதல் நாளே எறும்புப் புற்றின் பக்கத்தில் உட்கார்ந்து நூறு எறும்பை இழுத்தேன். கோபத்தில் அவை பீய்ச்சிய ஃபார்மிக் அமிலம் நேராகத் தொண்டைக்கு. சாயங்காலம் வரை இருமல். அந்த அமிலத்தையே 1671-இல் ஜான் ரே எறும்புகளைக் காய்ச்சி வடித்துத்தான் எடுத்தார் என்று மறுநாள் வகுப்பில் சொன்னார்கள். நான் குறிப்பெடுக்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே!

பச்சை ஈ:
தடயவியல் பக்கம் போன ஆள் நான். சினிமாவில் நிபுணர் பிணத்தில் இருக்கும் ஈயின் புழுவைப் பார்ப்பார், "இறந்து மூன்று நாள்" என்பார். நிஜத்தில் புழு மூன்று பருவம் வளர்கிறது, ஒவ்வொரு பருவத்தின் வேகமும் சுற்றியிருக்கும் சூட்டைப் பொறுத்தது. வெயிலென்றால் ஓடும், குளிரென்றால் ஊரும். வெப்பநிலைப் பதிவு கையில் இல்லாமல் நேரம் சொல்ல முடியாது. அதனால் எங்கள் படிப்பில் பாதி, ஈரல் துண்டில் ஈ வளர்த்து மணிக்கணக்கில் தெர்மாமீட்டரைப் பார்ப்பது.

ஒரு விஷயம் புத்தகத்தில் படித்திருந்தேன். தின்று கொழுத்த மூன்றாம் பருவப் புழு இரையை விட்டு இறங்கி, கூட்டுப்புழுவாக மாற இருட்டான இடம் தேடி நடக்கும். அதற்காக டப்பாவில் மரத்தூள் போட வேண்டும், மூடியை இறுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவசரத்தில் இரண்டையும் மறந்தேன். திங்கள் காலை கதவைத் திறந்தால் தரை நகர்கிறது. சுவரோரம், அலமாரி அடியில், என் தோழியின் செருப்புக்குள்… இருட்டான இடம் என்றால் இருட்டான இடம்தான். இரண்டு வாரம் கழித்தும் யாராவது இழுப்பறையைத் திறந்தால் ஒரு ஈ பறக்கும், எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

சில்வண்டு:
அந்தச் செருப்புக்காரியின் நிலைமையை நினைத்துச் சிரித்து முடியவில்லை :)

என் ராஜா வண்டின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். போன விடுமுறையில் பெட்டியை அந்துருண்டை இல்லாமல் விட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஊசி நிற்கிறது, லேபிள் இருக்கிறது, வண்டின் அடியில் பழுப்புத் தூள். தொட்டதும் ஒரு கொம்பு உதிர்ந்தது. உள்ளேயிருந்து மயிர் சிலிர்த்த ஒரு குட்டிப் புழு எட்டிப் பார்த்தது. டெர்மெஸ்டிட். உலர்ந்த உடலைத் தின்று வாழ்வது, அருங்காட்சியகக்காரர்களின் நிரந்தரத் தலைவலி. அதுவும் வண்டுதான் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பெட்டியை மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தேன். அதற்கு முன் அந்தப் புழுவை மட்டும் எடுத்து ஆல்கஹால் குப்பியில் போட்டேன். தேதி எழுதினேன், பிடித்தவர் பெயர் எழுதினேன். கிடைத்த இடம்: என் பெட்டி, மூன்றாம் வரிசை, நீளக்கொம்பு வண்டின் வயிறு. இந்த முறை பேராசிரியர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்துக்கொண்டார்.